வெளிநாடு போய்வந்த பிறகு வீட்டுக்கு வந்து சேருவது எப்படி

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஊரே இருக்கிறது. எந்தப் பெட்டி வாங்கணும், எத்தனை ஸ்வெட்டர் எடுத்துக்கணும், விசாவுக்கு என்ன காகிதம் வேணும், பருப்புப்பொடி எத்தனை பாக்கெட் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். திரும்பி வந்ததும் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நம்ம வீடுதானே, அதில் என்ன சொல்லிக்கொடுக்க இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ஜூன் மாதம் பத்து நாள் சுவிட்சர்லாந்து போய்வந்தோம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் வெளிநாடு. கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற வீட்டில், இருந்துகொண்டு நெல்லும் மஞ்சளும் நாலு மாடும் வைத்துப் பண்ணையம் பார்க்கிற குடும்பம் எங்களுடையது. போன இடம் கனவு மாதிரி இருந்தது. வந்த பிறகு வீட்டோடு ஒட்டுவதற்கு எனக்கு முழுதாக இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டதை, முதல் தடவை போய்வரப்போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டியது

திரும்பி வருகிற நாளைத்தான் முதலில் யோசித்து வையுங்கள். நிறையப் பேர் ஞாயிறு ராத்திரி வந்து இறங்கி, திங்கட்கிழமை காலையில் கடையையோ கம்பெனியையோ திறக்கிற மாதிரி டிக்கெட் போடுகிறார்கள். லீவில் ஒரு நாளாவது மிச்சமாகிறதே என்று பார்க்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஊர் சுற்றும் நாளில் ஒன்றைக் குறைத்தாலும் பரவாயில்லை, வந்த பிறகு குறைந்தது இரண்டு நாள் கையில் இருக்கட்டும்.

அந்த இரண்டு நாளில் கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நாங்கள் வந்த மறுநாளே ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தோம். நம்ம பக்கத்துக் கல்யாணத்தில் எத்தனை சீர், எத்தனை மணி நேரம் என்று உங்களுக்கே தெரியும். இணைச்சீர் நடக்கும்போது நான் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனேன். நாத்தனார் தட்டி எழுப்ப வேண்டியதாகிவிட்டது.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இன்னொன்று. திரும்பி வரும் அன்றைக்கு அரை லிட்டர் பாலும் கொஞ்சம் மாவும் வாங்கி வைக்கும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவது. கடைசித் தேதி நீங்கள் இல்லாத நாளில் விழுகிறதா என்று பார்த்து முன்கூட்டியே கட்டிவிடுங்கள். வந்ததும் குழாய்களை ஐந்து நிமிஷம் திறந்துவிட்டு, தேங்கி நின்ற தண்ணீர் போன பிறகு புழங்குங்கள். பானைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அவ்வளவு போதும்.

விமானம் ஏறும் முன்பும் இறங்கிய பிறகும்

சில்லறையை அங்கேயே செலவழித்துவிடுங்கள். நம்ம ஊர்ப் பணமாற்றுக் கடைகளில் நோட்டைத்தான் வாங்குவார்கள், நாணயம் வாங்குவதில்லை. சுவிட்சர்லாந்தில் ஐந்து ஃபிராங்க் வரைக்கும் நாணயம்தான். ஒரே ஒரு ஐந்து ஃபிராங்க் காசு நம்ம பணத்துக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல். என் பர்ஸின் அடியில் அப்படி நாலு காசு கிடந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

பெட்டி பெல்ட்டில் வந்ததும் அங்கேயே நின்று நாலு பக்கமும் பாருங்கள். எங்கள் பெட்டி ஒன்றில் சக்கரம் உடைந்து வந்தது. களைப்பில் கவனிக்காமல் வெளியே வந்துவிட்டோம். அதற்கப்புறம் விமானக் கம்பெனியிடம் புரிய வைக்க நாய்படாத பாடு. உடைந்திருந்தால் வெளியே வருவதற்கு முன்பே அவர்கள் கவுன்டரில் புகார் எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். சர்வதேச விதிப்படி சேதத்துக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுக்கப் பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 7 நாள்தான் அவகாசம். பெட்டி தாமதமாக வந்து சேர்ந்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாள். போர்டிங் பாஸையும் பெட்டியில் ஒட்டிய சீட்டையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.

முதல் ராத்திரி: முதலில் கேளுங்கள்

மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் இறங்கும்போது சாயங்காலம் ஆறு மணி. அவிநாசி, சேவூர், நம்பியூர் என்று வந்து சாளைக்குள் வண்டி நுழையும்போது மணி ஒன்பது. என் மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க கண்ணு, மொதல்ல கை கால் கழுவுங்க" என்றார். அரிசியும் பருப்பும் சோறு ஆக்கி, நெய் உருக்கி, தயிரும் அப்பளமும் எடுத்து வைத்திருந்தார். பத்து நாள் ரொட்டியும் சீஸும் தின்ற வயிற்றுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. முதல் நாளே பிரியாணி, நாட்டுக்கோழி என்று இறங்காதீர்கள். இரண்டு நாள் பருப்புச் சோறு, ரசம், மோர் என்று எளிமையாகப் போங்கள்.

சாப்பிட்டுக் கை காய்வதற்குள் நான் செல்போனை எடுத்துவிட்டேன். லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு, அதில் 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற ஷ்டாவ்பாக் அருவி, பனிமலை உச்சியில் 3,454 மீட்டரில் இருக்கிற யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம், கழுத்தில் பெரிய மணி கட்டிய மாடுகள் என்று ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினேன். பதினோரு மணி வரைக்கும் காட்டினேன். அத்தை பொறுமையாகப் பார்த்தார். "நல்லாருக்குது கண்ணு" என்றார். அப்புறம் படுக்கப் போய்விட்டார்.

காலையில் ஒன்பது மணிக்கு எழுந்து கட்டுத்தரைக்குப் போனால் பிறந்து மூன்று நாளான ஒரு கிடாரிக் கன்று தாயோடு நிற்கிறது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று நம்பித்தான் நாங்கள் கிளம்பியிருந்தோம். மாடு முன்னதாகவே ஈன்றுவிட்டது. அதுவும் லேசில் ஈனவில்லை. கன்றின் கால் ஒன்று மடங்கிக்கொண்டதாம். ராத்திரி ஒரு மணிக்கு என் மகன் பைக் எடுத்துக்கொண்டு போய் டாக்டரைக் கூட்டி வந்திருக்கிறான். எழுபது வயசில் அத்தை விடிய விடிய மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு அவர் போனில் எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "இங்க எல்லாம் நல்லாருக்குது. நீங்க பாத்துப் பத்தரமா இருங்க."

ஃபிரிட்ஜைத் திறந்தேன். மூடி போட்ட ஒரு சின்னத் தூக்குப்போசி. நாட்டுச்சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்த சீம்பு, எனக்காகத் துண்டு போட்டு எடுத்து வைத்திருந்தார். முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்துக் கொடுத்துக் கன்று பிறந்த கதையைச் சொல்லலாம் என்று இருந்திருப்பார். நான்தான் சொல்ல விடவில்லை.

நாம் ஊரில் இல்லாத பத்து நாளும் வீடு நின்றுபோய்க் கிடப்பதில்லை. யாரோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், மோட்டார் காயில் போய் ஆளைத் தேடியிருக்கிறார்கள். அந்தக் கதை அவர்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டால்தான் விட்ட இடத்தில் நம்மால் மறுபடி கை வைக்க முடியும். அதனால் முதல் ராத்திரி போனைப் பையிலேயே வைத்துவிட்டு, "நாங்க இல்லாதப்ப இங்க என்னெல்லாம் நடந்துச்சு, சொல்லுங்க" என்று உட்காருங்கள். போட்டோ எங்கேயும் ஓடிப்போகாது.

தூக்கம்

சுவிட்சர்லாந்துக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அதற்கு மேல் ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். இங்கே ஏழு மணிக்கு இருட்டிவிடுகிறது. ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்தால் உடம்புக்கு அது சாயங்காலம் ஏழரை. பிறகு எப்படித் தூக்கம் வரும்? நான் முதல் நாள் இரண்டு மணி வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு நோக்கி வருகிற பயணம், அதாவது ஐரோப்பாவிலிருந்து நம்ம ஊருக்கு வருவது, மேற்கே போவதைவிடச் சிரமம். உடம்பின் கடிகாரத்தைத் திருப்புவது வெளிச்சம்தான். ஐரோப்பாவிலிருந்து வந்த முதல் சில நாள் காலை எட்டு மணிக்கு மேல் அரை மணி நேரமாவது திறந்த வெளியில் நடங்கள். நான் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் நடந்தேன். கோவையிலோ திருப்பூரிலோ அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு மொட்டை மாடி போதும். மத்தியானம் கண் சொக்கினால் அரை மணி நேரத்துக்கு மேல் படுக்காதீர்கள். மூன்று மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழுகிற நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியா போய்வந்தவர்களுக்கு இரண்டரை மணி நேர வித்தியாசம்தான், பெரிதாகத் தெரியாது. அமெரிக்கா போய்வந்தால் பகலும் இரவும் தலைகீழாகிவிடும். ஒரு வாரத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் தூரமாக வண்டி ஓட்ட வேண்டாம்.

உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. நீண்ட நேரம் உட்கார்ந்து வந்ததில் இரண்டு பாதமும் லேசாக வீங்குவது சகஜம், ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் கெண்டைச்சதையில் வலியோடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே டாக்டரிடம் போங்கள். ஐரோப்பாவில் புல்வெளியிலும் காட்டுப் பாதையிலும் நடந்தவர்கள், நம்ம மாட்டில் ஒட்டுகிற மாதிரி உண்ணி அங்கேயும் உண்டு என்பதை ஞாபகம் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் தோலில் வட்டமாகப் பரவுகிற சிவப்புத் தடிப்போ காய்ச்சலோ வந்தால், எந்த நாட்டுக்குப் போனோம் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவராகக் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள்.

பணம், காகிதம்

இதை மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கி முடித்துவிடலாம். மீந்த வெளிநாட்டு நோட்டை ரிசர்வ் வங்கி விதிப்படி திரும்பிய 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைக்கும் அடுத்த பயணத்துக்குக் கையில் வைத்துக்கொள்ளலாம், நாணயத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் மீதி இருந்தால் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவிடுங்கள், போனில் ரோமிங்கையும் அணையுங்கள். டூர் பேக்கேஜுக்குப் பணம் கட்டியபோது டிசிஎஸ் என்று, வருமான வரிக்கு முன்பணமாக, ஒரு தொகை பிடித்திருப்பார்கள். அது போன காசு இல்லை. உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் ரசீதைக் கொடுத்துவிடுங்கள்.

ஒறம்பரை, சாக்லேட், போட்டோ

வாங்கி வந்ததைக் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நாங்கள் முதலில் கொடுத்தது எங்கள் இடத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கு: மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்ட அண்ணன், பால் ஊற்றிக்கொண்டுபோன பையன், ராத்திரியில் வந்த டாக்டர். அப்புறம்தான் ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம். சின்ன சாக்லேட் பெட்டிதான். ஆனால் புல் அறுக்கிற அண்ணன், "எனக்குங்களா அம்மணி?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட இருபது போட்டோவைத் தனியாக எடுத்து வையுங்கள். ஆயிரத்து ஐந்நூறு போட்டோவைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது, இருபது என்றால் இன்னும் இருக்கிறதா என்று அவர்களே கேட்பார்கள். செலவு எவ்வளவு ஆச்சு என்ற கேள்வி கண்டிப்பாக வரும். நம்ம ஊரில் அதைக் கேட்பதில் தப்பு ஒன்றுமில்லை. போக ஆசைப்படுகிறவருக்கு முழுக் கணக்கையும் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு, "ரெண்டு வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்தோம்" என்றால் போதும்.

ஒரு சொல்லை மட்டும் ஒரு மாதத்துக்கு நிறுத்திவையுங்கள். அது "அங்கெல்லாம்". அங்கெல்லாம் ஹார்ன் அடிக்க மாட்டாங்க, அங்கெல்லாம் ரயில் நிமிஷம் பிசகாது, அங்கெல்லாம் தெருக் குழாயில் அப்படியே தண்ணி குடிக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் கேட்கிறவர்கள் இங்கேயே இருக்கிறவர்கள், அவர்கள் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. நான் ஒரு நாள் என் மகனிடம் அப்படிச் சொன்னபோது, "அம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டான். அவன்தான் ராத்திரி ஒரு மணிக்கு டாக்டரைக் கூட்டிவந்தவன்.

இரண்டாவது வாரத்துச் சோர்வு

முதல் வாரம் வேலை இழுத்துக்கொண்டு போய்விடும். சோர்வு வருவது அதற்கப்புறம். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது காரணமே இல்லாமல் கண் கலங்கும். அங்கே விடிந்தால் இன்றைக்கு எந்த ஊர் என்று இருந்தது, இங்கே விடிந்தால் சாணி வழிக்க வேண்டும். இதற்காக உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம், வீட்டின் மேல் பாசம் குறைந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். நல்ல திருவிழா முடிந்து பந்தல் பிரிக்கும்போது வருகிற அதே வெறுமைதான். இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம், பசி, வேலையில் பிடிப்பு எதுவும் திரும்பவில்லை என்றால் மட்டும் டாக்டரிடம் பேசுங்கள்.

எனக்கு உதவியது, அங்கே எது பிடித்தது என்று உட்கார்ந்து யோசித்தது. மலை, பனி என்றுதான் முதலில் தோன்றியது. யோசிக்க யோசிக்க வேறொன்று வந்தது. அந்தக் கிராமத்துப் பாதைகளில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு மரப் பெஞ்சு போட்டிருப்பார்கள். ஒரு சாயங்காலம், வயதான ஒரு கணவனும் மனைவியும் அதில் உட்கார்ந்து, எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் இருந்தார்கள். தினமும் பார்க்கிற அவர்கள் ஊர் மலைதான் அது. எனக்குப் பிடித்தது அதுதான்.

எங்கள் சாளைக்கும் ஒரு திண்ணை உண்டு. அப்பாரு, அதாவது தாத்தா, காலத்தில் கட்டியது, வயலைப் பார்த்தபடி இருக்கும். பல வருஷமாக உர மூட்டையும் மஞ்சள் சாக்கும் ஏறி, அது திண்ணை என்பதே மறந்து போயிருந்தது. மூட்டைகளை எடுத்துக் களத்துக் கொட்டகையில் போட்டுவிட்டுக் கழுவி விட்டேன். இப்போது பொழுதோட ஆறு மணியிலிருந்து ஆறரை வரைக்கும் நானும் அத்தையும் அங்கே உட்காருகிறோம். போன் உள்ளேதான் இருக்கும். நீங்களும் அப்படி ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தினமும் நடந்தது பிடித்திருந்தால் நடை, குப்பையைப் பிரித்துப் போட்டது பிடித்திருந்தால் இரண்டு கூடை. நாலைந்தை ஒரே நேரத்தில் மாற்றப் பார்த்தால் ஒன்றும் நிலைக்காது.

இன்னொன்று, பக்கத்தில் இருப்பதைப் போய்ப் பாருங்கள். வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஈரோட்டுக்காரர்களிலேயே எத்தனையோ பேர் எட்டிப்பார்த்தது இல்லை. கொடிவேரி அணை எங்களுக்கு அரை மணி நேரம், நான் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. சுவிட்சர்லாந்தில் பல்சக்கரம் பிடித்து மலை ஏறுகிற ரயிலில் போனவர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு சொந்தமே இருக்கிறது: ஊட்டி மலை ரயில். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் தெரிகிற பல் தண்டவாளம், ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டுபிடித்த முறை. குன்னூர் வரை தள்ளிக்கொண்டு போகிற எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களை முதலில் செய்து அனுப்பியது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலை. குன்னூர் வரைக்கும் 1899இலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. யுங்ஃப்ராவ்யோக் நிலையம் திறந்ததே 1912இல்தான்.

இதைத் திண்ணையில் உட்கார்ந்து அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்த அருவி போட்டாவ இன்னொருக்கா காட்டு கண்ணு, எத்தன அடி உசரம்னு சொன்ன?" என்றார். உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தேன். ஏறக்குறைய ஆயிரம் அடி. இந்தத் தடவை ஒவ்வொரு படத்தையும் அவர் போதும் என்று சொல்கிற வரைக்கும் நிறுத்திக் காட்டினேன். மணி கட்டிய மாட்டைப் பார்த்துவிட்டு, "இத்தன கனத்தக் கட்டுனா கழுத்து புண்ணாவாதா?" என்று கேட்டார்.

மலை ரயிலுக்கு மூன்று டிக்கெட் போட்டிருக்கிறோம். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்கு வண்டி. சத்தியமங்கலம் வழியாகப் போவதற்கு இங்கிருந்து நாலு மணிக்கே கிளம்பியாக வேண்டும். அத்தை வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குக் கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொள்ள என் மகன் வீட்டில் இருக்கிறான். வந்ததும் அவனிடம்தான் முதலில் கேட்கணும்.